வடசென்னையில் வீடு – கடிதம்

அன்புள்ள அக்கா,

எனக்கு கிண்டிக்கு வேலை மாற்றலாகியிருக்கிறது. ஜூன் மாதம் தென்காசியிலிருந்து குடும்பத்தோடு வர வேண்டும். மகள் 6ஆம் வகுப்புக்குப் போகிறாள். வாடகைக்கு 12,000 ரூபாய்க்கு மேல் என்னால் முடியாது. திருவொற்றியூர், தண்டையார்பேட்டை பக்கம் பார்க்கலாமா என்று கேட்டால், “பொம்பளப் பிள்ளைய வச்சுக்கிட்டு அங்கயா?” என்று கூட வேலை பார்ப்பவர்கள் தடுக்கிறார்கள். நீங்கள் அந்தப் பக்கத்துக்காரர். உண்மையைச் சொல்லுங்கள். என் பெயரைப் போட வேண்டாம்.

– ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

தாராளமாக வாருங்கள். உங்களைத் தடுப்பவர்கள் சினிமாவில் பார்த்த வடசென்னையைச் சொல்கிறார்கள். இங்கே இருப்பவர்கள் துறைமுகத்திலும் ரயில்வேயிலும் காசிமேட்டு மீன் ஏலத்திலும் வேலை செய்கிற குடும்பங்கள். பாதித் தெரு விடிவதற்கு முன்பே எழுந்துவிடும். ராத்திரி ஒன்பது மணிக்கும் இட்லிக் கடை வாசலில் பெண்கள் நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். அடிதடியே கிடையாது என்று சொல்லமாட்டேன். ஆனால் ஆள் நடமாட்டமுள்ள தெருவில் ஒரு பெண் குழந்தைக்குக் கிடைக்கிற பாதுகாப்பு பெரியது. இங்கே ஒருவர் பிள்ளையைத் தெருவே கவனிக்கும். நான் வளர்ந்ததும் அப்படித்தான்.

போக்குவரத்துக் கவலையும் வேண்டாம். 2021 பிப்ரவரியில் மெட்ரோ ரயில் விம்கோ நகர் வரை நீண்டுவிட்டது. டோல்கேட்டிலோ காலடிப்பேட்டையிலோ ஏறினால் வண்டி மாறாமல் கிண்டியில் இறங்கலாம். முக்கால் மணி நேரம் பிடிக்கும். அதனால் தண்டையார்பேட்டை தொடங்கி திருவொற்றியூர் தேரடி வரை, ஸ்டேஷனுக்கு நடந்து போகிற தூரத்தில் முதலில் தேடுங்கள்.

இனி முக்கியமான விஷயம். ஏரியா பெயரை வைத்து வீடு பார்க்காதீர்கள், தண்ணீரை வைத்துப் பாருங்கள். குடிக்கிற தண்ணீர், மழைத் தண்ணீர் இரண்டையும்தான் சொல்கிறேன். ஒரே ஏரியாவில் ஒரு தெரு மேடாக இருக்கும், அடுத்த தெருவில் முழங்கால் அளவு நிற்கும். நீங்கள் வீடு பார்க்கப்போவது கோடையில். அப்போது எல்லாத் தெருவும் காய்ந்து, நல்ல தெருவாகத்தான் தெரியும்.

ஆனால் மழைத் தண்ணீர் புகுகிற வீடா என்று வீட்டைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே போட்டுப் போட்டு இங்கே பல தெருக்கள் உயர்ந்துவிட்டன. தெருவிலிருந்து வீட்டுக்குள் இறங்கிப் போக வேண்டியிருந்தால் அந்த வீடு வேண்டாம். வாசற்படியில் ஓரடி உயரத்துக்கு சிமெண்டுத் தடுப்பு கட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். தண்ணீர் புகுந்த வீடுகளில் தரையோரம் இருக்க வேண்டிய பிளக் பாயிண்டெல்லாம் நெஞ்சு உயரத்துக்கு ஏற்றப்பட்டிருக்கும், பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜ் செங்கல் அடுக்கின் மேல் நிற்கும். புதுப் பெயிண்டுக்குக் கீழே சுவர் முழுக்க ஒரே மட்டத்தில் ஒரு கோடு தெரியும், அதற்குக் கீழே மட்டும் பூச்சு பொரிந்திருக்கும். இதில் இரண்டு இருந்தாலே போதும், வீட்டுக்காரர் என்ன சொன்னாலும் நம்ப வேண்டாம். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் வெள்ளத் தண்ணீர் எதுவரை வந்தது என்று தெருமுனை மளிகைக் கடையில் கேளுங்கள். கையை வைத்தே காட்டுவார்கள்.

குடிநீருக்கு, வாசலில் மெட்ரோ வாட்டர் (குடிநீர் வாரியம்) அடிபம்பு இருக்கிறதா, எத்தனை மணிக்குத் தண்ணீர் வருகிறது, கலங்கலாக வருகிறதா என்று கேளுங்கள். சில தெருக்களில் சாக்கடை நாற்றத்தோடு வரும். காட்டுப்பள்ளி கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் 2010இல் வந்த பிறகு நிலைமை தேவலை. ஆனால் தெருக்குழாய் பழசாக இருந்தால் நல்ல தண்ணீரும் கெட்டுப் போகிறது.

மணலி, எர்ணாவூர், எண்ணூர் பக்கம் வாடகை இன்னும் குறைவு. அங்கே போகாதீர்கள் என்று எழுத எனக்கு மனம் வலிக்கிறது, ஆனால் சின்னக் குழந்தை இருக்கிற வீட்டுக்கு வேறு என்ன சொல்ல? 2023 மிக்ஜாம் புயலில் எர்ணாவூர் வீடுகளுக்குள் வெள்ளத்தோடு கச்சா எண்ணெயும் புகுந்தது. அதே மாதக் கடைசியில் எண்ணூர் பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்து, ஜனங்கள் நடுராத்திரியில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஊருக்கே வேண்டிய பெட்ரோலும் மின்சாரமும் இந்தப் பக்கத்திலிருந்து போகிறது. ஊரின் குப்பை கொடுங்கையூருக்கு வருகிறது. அந்தக் குப்பைமேடு எரியும்போது சுற்றுவட்டாரமே இருமும். இவ்வளவையும் எங்கள் தலையில் கட்டிவிட்டு, ரவுடி ஏரியா என்று பெயரும் வைத்தால் கோபம் வராமல் என்ன செய்யும்?

பெரம்பூர் அருமையான இடம். ரயில்வே குடியிருப்புகள், மரங்கள், நல்ல பள்ளிகள் எல்லாம் உண்டு. உங்கள் தொகைக்குக் கொஞ்சம் இழுக்கும், சென்ட்ரலில் வண்டியும் மாற வேண்டும். கொளத்தூரும் விலையேறிவிட்டது, மழைக்கும் பயப்பட வேண்டும்.

அட்வான்ஸ் 10 மாதம் என்பார்கள். 2019இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், தனியாக ஒப்பந்தம் இல்லாவிட்டால் 3 மாதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது. அதைச் சொல்லிப் பேசுங்கள், குறைய வாய்ப்புண்டு. இபி மீட்டர் உங்கள் வீட்டுக்குத் தனியாக இருக்க வேண்டும். வீட்டுக்காரர் சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்கினால், இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் உங்களுக்கு வராது. காலி செய்யும்போது பெயிண்டுக்கு எவ்வளவு பிடிப்பார்கள் என்பதையும் அக்ரிமெண்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

டோக்கன் அட்வான்ஸ் கொடுக்கும் முன் மனைவியையும் மகளையும் ஒருநாள் சாயங்காலம் அழைத்து வாருங்கள். பம்படியில் நிற்கும் பெண்களிடம் உங்கள் மனைவி பேச்சுக் கொடுக்கட்டும். வீட்டுக்காரரும் புரோக்கரும் மறைப்பதையெல்லாம் அவர்கள் சொல்லிவிடுவார்கள்.

அன்புடன்,
அக்கா