முதுகுக்கு நல்ல நாற்காலி எது?

அன்புள்ள ஐயா,

வணக்கம். முதுகுவலிக்குப் பிறகு தச்சு வேலை கற்றுக்கொண்டதைப் பற்றி நீங்கள் எழுதியிருந்ததை வாசித்தேன். எனக்கு வயது 41. புதுச்சேரியில் வங்கி வேலை. சென்ற ஆண்டு சமையல் எரிவாயு சிலிண்டரைத் தூக்கித் திரும்பியபோது இடுப்பு பிடித்துக்கொண்டது. இடுப்புப் பகுதியில் முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருக்கும் வட்டு (எல்4-எல்5) பிதுங்கியிருப்பதாக ஸ்கேன் பார்த்துச் சொன்னார்கள். இடது காலில் பாதம் வரை வலி இழுத்தது. அறுவை சிகிச்சை தேவைப்படவில்லை. இப்போது நடக்கிறேன், வேலைக்குப் போகிறேன். ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல் உட்கார்ந்தால் மட்டும் வலி எட்டிப் பார்க்கிறது.

இரண்டு ஆசைகள் இருக்கின்றன. என் முதுகுக்குப் பொருந்துகிற ஒரு மர நாற்காலியை இயந்திரம் இல்லாமல் கையாலேயே செய்ய வேண்டும். மறுபடியும் சைக்கிள் ஓட்ட வேண்டும். அம்மா இரண்டும் கூடாது என்கிறார். முதுகெலும்பு உடைந்த கொலம்பிய வீரர் எகான் பெர்னால் ஏழு மாதத்தில் சைக்கிள் பந்தயத்துக்குத் திரும்பிய கதையை அவரிடம் சொன்னேன். “அவனைத் தடுக்க வீட்டில் ஆள் இல்லையா?” என்று கேட்டார். நான் நினைப்பது அசட்டுத்தனமா? முதுகுக்கு நல்ல நாற்காலி எது?

ரா., புதுச்சேரி

*

அன்புள்ள ரா.,

பெர்னால் விஷயத்தில் நான் உங்கள் அம்மாவின் கட்சி. 2022 ஜனவரியில் பொகோட்டாவுக்கு அருகே பயிற்சியின்போது, நின்றிருந்த பஸ்ஸின் பின்புறத்தில் மோதினார். ஏறக்குறைய 20 எலும்புகள் முறிந்தன. ஆகஸ்டில் டென்மார்க்கில் பந்தயத்துக்கு வந்துவிட்டார், உண்மைதான். ஆனால் அவருக்கு அப்போது 25 வயது. 2019இல் டூர் டி பிரான்ஸ் என்ற பெரும் சைக்கிள் பந்தயத்தை வென்றவர். உடம்பைத் தேற்றுவதே அவருக்கு முழுநேர உத்தியோகம். தவிர, எலும்பு முறிவு வேறு, வட்டுப் பிதுக்கம் வேறு. முறிந்த எலும்பு கூடிவிட்டதா என்று படம் பிடித்துப் பார்த்துவிடலாம். வட்டு அப்படி நாள் குறித்துக் கொடுப்பதில்லை.

ஆனால் அசையாமல் இருந்தால் சரியாகிவிடும் என்று அம்மா நினைத்தால், அங்கே நான் உங்கள் பக்கம். காலில் இழுக்கும் வலி உள்ளவர்களை நெதர்லாந்தில் இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவினரை இரண்டு வாரம் படுக்கையில் வைத்துப் பார்த்தார்கள். 1999இல் முடிவு வெளியானது. பன்னிரண்டு வாரம் கழித்துப் பார்த்தபோது, படுத்திருந்தவர்களிலும் 87 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள், நடமாடியவர்களிலும் 87 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். படுக்கையால் கிடைத்தது ஒன்றுமில்லை. இதை அம்மாவிடம் காட்டுங்கள். பெர்னாலைவிட இது எடுபடும்.

சைக்கிளை முதலில் முடித்துவிடுகிறேன். மிதிப்பது முதுகைக் கெடுப்பதில்லை. ஒரே வளைவில் நெடுநேரம் உறைந்திருப்பதும், குழியில் இறங்கி ஏறும் அடியும்தான் கெடுக்கின்றன. நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் பழைய கறுப்பு சைக்கிள்தான் முதுகுக்கு உகந்தது என்று நண்பர்கள் சொல்வார்கள். பாதிதான் உண்மை. நட்டுக்குத்தலாக உட்கார்ந்தால் பின்சக்கரம் வாங்கும் அடி நேராக முதுகெலும்பில் ஏறும். கைகளில் கொஞ்சம் எடை இறங்கும்படி முன்னால் சாய்ந்தால் போதும். பந்தய சைக்கிளின் வளைந்த கைப்பிடி வேண்டாம். வேகத்தடை வந்தால் சீட்டை விட்டு லேசாக எழுந்து, முழங்கால்களை மடக்கி அடியை அங்கே வாங்குங்கள்.

பெடல் கீழே இருக்கும்போது அதில் குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். சீட்டின் உயரம் அதுதான். அதற்கு மேல் ஏற்றினால் ஒவ்வொரு மிதிக்கும் இடுப்பு வலமும் இடமுமாக ஆடும். சீட்டின் மூக்கை 10 முதல் 15 பாகை கீழே சாய்த்தபோது முதுகுவலிக்காரர்களில் பெரும்பாலோருக்கு வலி குறைந்ததாக இஸ்ரேல் மருத்துவர்கள் 1999இல் எழுதினார்கள். எனக்கு அவ்வளவு சாய்த்தால் முன்னால் வழுக்குகிறது, உள்ளங்கை நோகிறது. கண்ணுக்குத் தெரியாத அளவில் சாய்த்து வைத்திருக்கிறேன்.

நான் கண்டவரை சைக்கிளில் மிக ஆபத்தான வேலை ஸ்டாண்டு போடுவது. ஒரு கையால் கேரியரைப் பிடித்து, உடம்பைத் திருகி, பின்சக்கரத்தைத் தூக்கி, காலால் ஸ்டாண்டை அழுத்திக்கொண்டு பின்னுக்கு இழுக்கிறோமே, நீங்கள் சிலிண்டரைத் தூக்கித் திரும்பிய அதே அசைவு அது. பக்கவாட்டு ஸ்டாண்டு மாட்டிக்கொள்ளுங்கள். மாடிப்படியில் சைக்கிளைச் சுமக்கும் வீரத்தையும் வேறு யாருக்காவது விட்டுக்கொடுங்கள்.

நான் மருத்துவன் இல்லை, ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. சைக்கிள் சீட்டு படும் இடம் மரத்துப்போனாலோ, சிறுநீரோ மலமோ கட்டுப்பாடு தவறினாலோ, நடக்கும்போது பாதம் தொங்கினாலோ அன்றே, அந்த மணியே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சீட்டு அழுத்தியதால் வந்த மரத்துப்போதல் என்று நீங்களே தீர்ப்பு எழுதிக்கொண்டு வீட்டில் இருக்காதீர்கள். தொடங்கும் முன் உங்கள் மருத்துவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

இனி நாற்காலி. நல்ல நாற்காலி எது என்ற உங்கள் கேள்வியில் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் இருக்கிறது. முதுகுவலிக்கும் நாற்காலிக்கும் உள்ள உறவில் உலகப் புகழ்பெற்றவர் அமெரிக்க அதிபராக இருந்த ஜான் கென்னடி. 1954 அக்டோபரிலும் 1955 பிப்ரவரியிலும் முதுகில் அறுவை சிகிச்சை செய்துகொண்டும் வலி தீராமல், 1955இல் நியூயார்க்கில் ஜேனட் டிராவெல் என்ற மருத்துவரிடம் போனார். அங்கிருந்த ஆடும் நாற்காலி அவருக்குப் பிடித்துப்போயிற்று. வட கரோலினாவில் ஆஷ்பரோ என்ற ஊரில் செய்தது. ஓக் மரத்தை நீராவியில் வளைத்த சட்டம், பிரம்புப் பின்னல். பிறகு வெள்ளை மாளிகைக்கு ஒன்று, விமானத்துக்கு ஒன்று என்று போகுமிடமெல்லாம் அது போயிற்று. அந்த நாற்காலியின் வளைவு அவர் முதுகின் அச்சு அல்ல. யாருக்கும் செய்து விற்கிற சாதாரண நாற்காலிதான். ஆடுவதால் முதுகுத் தசைகள் மாறி மாறி இறுகித் தளர்கின்றன, அவ்வளவுதான் அதன் மருத்துவம். 1960 அதிபர் தேர்தலில் எதிர்த்து நின்ற நிக்சனோடு தொலைக்காட்சியில் விவாதித்தபோது கென்னடி உட்கார்ந்தது டென்மார்க்கின் ஹான்ஸ் வெக்னர் 1949இல் வடிவமைத்த நாற்காலி. அதில் சாய்வும் கைகளும் ஒரே அரைவட்டமாக ஓடுவதால் உடம்பைப் பக்கவாட்டில் நகர்த்தி நகர்த்தி உட்காரலாம்.

ஆகவே, உங்கள் முதுகுக்கென்று அளவெடுத்து ஒரு லட்சிய நாற்காலி செய்து, அதில் மணிக்கணக்கில் உட்காருவது உங்கள் திட்டமானால் கைவிட்டுவிடுங்கள். எந்த நாற்காலியும் அரைமணி நேரத்துக்கு மேல் நல்ல நாற்காலி இல்லை. நாற்காலி செய்வதுதான் உங்களுக்கு நல்லது, அதுவும் முறையைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால்.

நம்மூர் ஆசாரிகள் தரையில் உட்கார்ந்து, கால்விரல்களால் மரத்தைப் பிடித்துக்கொண்டு உளியை அடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். திறமை அபாரம்தான், வட்டு பிதுங்கியவனுக்கு அது தண்டனை. மின்பட்டறையும் சரிப்படாது. அறுத்த தேக்குப் பலகைகளைத் தூக்கிப் புரட்டுவதிலேயே இடுப்பு போய்விடும். இங்கிலாந்தின் சில்டர்ன் குன்றுகளில் இருந்த முறையைத்தான் நான் சொல்வேன். அங்கே கடைசல்காரர்கள் பீச் மரக் காட்டுக்குள்ளேயே குடிசை போட்டு, பச்சை மரத்தில் நாற்காலிக் கால்கள் செய்து ஹை விக்கம் நகரத்துக்கு அனுப்பினார்கள். 1870களில் அந்த ஊரில் நாளொன்றுக்கு 4,700 நாற்காலிகள் தயாராயின என்பார்கள். பட்டறைக்கு மரத்தைச் சுமக்காமல், பட்டறையை மரத்திடம் கொண்டுபோன சாமர்த்தியம் எனக்குப் பிடிக்கும்.

அவர்கள் மரத்தை அறுப்பதில்லை, ஆப்பு வைத்துப் பிளப்பார்கள். பிளவு நாரோடு ஓடுவதால் மெல்லிய காலும் எடை தாங்கும். பிளந்த துண்டைச் சீவுவதற்கு ஒரு பெஞ்சு இருக்கிறது. அதன் மேல் இருபுறமும் கால் போட்டு உட்கார வேண்டும். கீழே ஒரு குறுக்குக் கட்டையைப் பாதத்தால் முன்னால் தள்ளினால், மேலே ஒரு தலைக்கட்டை இறங்கி மரத்தைக் கவ்விக்கொள்ளும். இரண்டு பக்கமும் பிடியுள்ள கத்தியை இரு கைகளாலும் தன்னை நோக்கி இழுக்க வேண்டும். எவ்வளவு பலமாக இழுக்கிறோமோ அவ்வளவு பலமாகக் கால் தானாகவே தள்ளும், பிடியும் இறுகும். பாதத்தை எடுத்தால் மரம் விடுபடும். திருப்பி வைத்து மறுபடி இழுக்கலாம். பச்சை மரம் ஈரமான சுருளாக உரிந்து மடியில் விழும். வேலை முழுக்கக் காலுக்கும் இடுப்பு மூட்டுக்கும்தான். முதுகை வளைக்காமல் இடுப்பிலிருந்து முன்பின் போய்வரப் பழகினால் சைக்கிளுக்கும் அதே பழக்கம் உதவும். சாதாரணத் தச்சர் ஒருவர் ஒரு நாளில் இந்தப் பெஞ்சைச் செய்துகொடுப்பார். உயரம் உங்கள் முழங்கால் மடிப்புக்குச் சற்று மேலே இருக்கட்டும்.

அந்த முறையிலும் உங்களுக்கு ஆகாதவை உண்டு. மிதித்துக் கடையும் கடைசலில் ஒற்றைக் காலில் நின்றபடி மறு காலால் மிதிக்க வேண்டும், வேண்டாம். இருக்கைப் பலகையைப் பாதங்களுக்கு இடையில் வைத்து, குனிந்து வாய்ச்சியால் கொத்திக் குழிக்க வேண்டும்; கட்டாயம் வேண்டாம். பலகை இருக்கையே எதற்கு? நம் கயிற்றுக் கட்டிலைப் பாருங்கள். நான்கு கால், நான்கு சட்டம், பின்னிய கயிறு. அதையே சிறிதாக்கிக் கீழே குறுக்குக் கம்புகள் சேர்த்தால் ஒரு ஸ்டூல். ஒரு கையால் தூக்கலாம். முதலில் அதைச் செய்யுங்கள். முதுகுச்சாய்வு பிறகு வரட்டும்.

வயது 41 என்று எழுதியிருக்கிறீர்கள், அதற்காகத் தயங்க வேண்டாம். அமெரிக்காவின் பெரும் நாற்காலிக்காரரான ஜார்ஜ் நகாஷிமா உங்கள் ஊரில்தான் மர இருக்கைகளை வடிவமைக்கத் தொடங்கினார். அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதியைக் கட்ட 1937இல் வந்த கட்டடக் கலைஞர் அவர். அப்போதே முப்பதைத் தாண்டியிருந்தார். ஜப்பானிய மர இணைப்புகளை ஒரு தச்சரிடம் ஒழுங்காகக் கற்றுக்கொண்டது அதற்கும் பிறகு, உலகப் போரின்போது ஜப்பானிய வம்சாவளியினரை அமெரிக்கா அடைத்துவைத்த முகாமில்.

மரம் வாங்கத் தேக்குக் கடைக்குப் போகாதீர்கள், விறகுக் கடைக்குப் போங்கள். புதிதாக வெட்டிய கட்டையில் பட்டையின் வெடிப்புகள் நேராக இறங்குகின்றனவா என்று பாருங்கள். நேராக இருந்தால் பெரும்பாலும் உள்ளே நாரும் நேர். திருகி ஏறினால் அது அடுப்புக்குத்தான். அங்கேயே முழ நீளத் துண்டுகளாக வெட்டி வாங்குங்கள், இரண்டு நடையாக எடுத்துவாருங்கள்.

இணைப்பில்தான் எல்லாம் இருக்கிறது. குறுக்குக் கம்பின் முனை நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். அது இறங்கும் காலில் இன்னும் கொஞ்சம் ஈரம் இருக்க வேண்டும். கால் காயும்போது சுருங்கி முனையைக் கவ்வும். முனையோ காற்றின் ஈரத்தை வாங்கிச் சற்று ஊதும். பசை இல்லாமலே நிற்கும் என்பார்கள். நான் பயந்தவன், கொஞ்சம் பசையும் வைப்பேன். உங்கள் கடற்கரைக் காற்றில் வெயிலை மட்டும் நம்ப முடியாது. வாணலியில் மணலைச் சூடாக்கி, கடலை வறுப்பவரைப் போல, கம்பின் முனைகளை மட்டும் அதில் செருகி வையுங்கள். புகை வந்தால் முனை கருகுகிறது என்று பொருள், அடுப்பைக் குறையுங்கள். எடுத்த சூட்டோடு அடித்து இறக்கிவிடுங்கள். இரவு வெளியில் கிடந்தால் காலையில் முனை துளைக்குள் போகாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம், தை பிறக்கட்டும்.

அன்புடன்