கம்பெனி செட்டை எடுத்துவிட்டு வெளி ஸ்டீரியோ மாட்ட, காரின் ஒயரை வெட்டத்தான் வேண்டுமா?

வேண்டாம். காரின் சொந்த ஒயரில் ஒரு இடத்தில்கூட கட்டிங் பிளேயர் படாமல் இந்த வேலையை முடிக்கலாம். "ஒயரை வெட்டித்தான் ஜாயின் பண்ணணும், வேற வழியில்லை" என்று கடையில் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். வழி இருக்கிறது, கப்ளர். ஒரு முனை உங்கள் காரில் இருக்கும் கம்பெனி சாக்கெட்டில் பொருந்தும், மறுமுனை புது செட்டுக்குப் போகும். பெரும்பாலான மாடல்களுக்கு சில நூறு ரூபாயில் கிடைக்கிறது. நாளைக்கே வண்டியை விற்பதானால் பழைய செட்டைத் திரும்பச் செருகிக் கொடுத்துவிடலாம். வாரண்டியில் இருக்கும் வண்டி என்றால் இது இன்னும் முக்கியம். எங்கேயோ எலெக்ட்ரிக்கல் கோளாறு வந்து சர்வீஸ் சென்டருக்குப் போகும்போது, வெட்டி ஒட்டிய ஒயரைக் காட்டி கிளெய்மை மறுக்க நீங்களே இடம் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

அடுத்து ஒயர்களின் நிறம். புது செட்டிலிருந்து வரும் ஒயர்களுக்குப் பொதுவான வழக்கம் ஒன்று உண்டு. மஞ்சள் பேட்டரியிலிருந்து எப்போதும் வரும் 12 வோல்ட், சிவப்பு சாவியைத் திருப்பினால் மட்டும் வரும் 12 வோல்ட், கறுப்பு எர்த். ஸ்பீக்கருக்கு வெள்ளை முன் இடது, சாம்பல் முன் வலது, பச்சை பின் இடது, ஊதா பின் வலது. அதே நிறத்தில் கறுப்புக் கோடு போட்டது மைனஸ். ஆனால் கார்க் கம்பெனிகள் இந்த நிறங்களைப் பின்பற்றுவதில்லை. காரிலிருந்து வரும் மஞ்சள் ஒயர் ஸ்பீக்கருக்குப் போவதாகவும் இருக்கலாம். நிறத்தைப் பார்த்து நிறத்தோடு சேர்ப்பவரிடம் வண்டியை விடாதீர்கள். மல்டிமீட்டர் வைத்துப் பார்ப்பவரிடம் கொடுங்கள்.

மஞ்சளையும் சிவப்பையும் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், அதிகமாகச் சொதப்புவது இங்கேதான். என் சித்தப்பா மகன் வண்டியில் ஸ்டீரியோ மாற்றிய பிறகு, இரண்டு நாள் ஓட்டாமல் நிறுத்தினாலே பேட்டரி படுத்துவிடும். செட்டை வெளியே இழுத்துப் பார்த்தோம். மஞ்சளையும் சிவப்பையும் ஒன்றாக முறுக்கி, பேட்டரி லைனிலேயே கொடுத்திருந்தார்கள். வெயிலில் டேஷ்போர்டு கொதித்து, இன்சுலேஷன் டேப்பின் பசை உருகி, டேப் கீழே வழுக்கி இறங்கியிருந்தது. உள்ளே செம்புக் கம்பி பளபளவென்று தெரிந்தது. பக்கத்து இரும்புத் தகட்டில் அது உரசியிருந்தால் குறைந்தபட்சம் ஃப்யூஸ் போயிருக்கும். இரண்டையும் பிரித்து, சிவப்பை சாவி லைனில் கொடுத்து, சால்டர் வைத்து, சூடு காட்டினால் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டதும் பிரச்சினை தீர்ந்தது. இதற்கு நேர்மாறான கோளாறும் உண்டு. மஞ்சளும் சிவப்பும் இடம் மாறினால், சாவியை எடுத்தவுடன் செட் எல்லா ஸ்டேஷனையும் மறந்துவிடும். ஐஎஸ்ஓ கப்ளர் (பல கம்பெனிகளுக்குப் பொதுவான சாக்கெட்) உள்ள பழைய ஃபோக்ஸ்வேகன் வண்டிகள் பலவற்றில் இந்த இரண்டு பின்களும் வழக்கத்துக்கு மாறாகத்தான் இருக்கும். அதற்காகவே பல செட்டுகளின் ஒயரில் மாற்றிச் செருகும்படி ஒரு ஜாயின்ட் கொடுத்திருப்பார்கள்.

ஸ்பீக்கர் மைனஸ் ஒயர் எர்த் கிடையாது. இதை யாராவது மறுத்தால் மீட்டரில் காட்டுங்கள். செட்டை ஆன் செய்து, ஸ்பீக்கரின் ஒரு ஒயருக்கும் காரின் இரும்பு பாடிக்கும் நடுவே வைத்தால் ஏறக்குறைய 6 வோல்ட் காட்டும். இன்னொரு ஒயருக்கும் அதே 6 வோல்ட். இரண்டு ஒயருக்கும் நடுவே வைத்தால், பாட்டு ஓடாதபோது கிட்டத்தட்ட பூஜ்யம். இன்றைய செட்டுகள் இரண்டு பக்கமிருந்தும் ஸ்பீக்கரை ஓட்டுகின்றன. அந்த மைனஸை பாடியில் முடித்தால் உள்ளே சத்தத்தைப் பெருக்கும் ஐசி போய்விடும்.

இதே விஷயத்திலிருந்து இன்னொன்றும் புரியும். பெட்டியில் "50 வாட் × 4" என்று போட்டிருப்பார்கள். 14.4 வோல்ட்டில், 4 ஓம் ஸ்பீக்கருக்கு இந்த முறையில் சுத்தமாகக் கொடுக்க முடிவது கணக்குப்படி 26 வாட்டுக்குள்தான். அந்த எண்ணைப் பார்த்து செட் வாங்க வேண்டாம்.

உங்கள் வண்டி டாப் மாடலா? அப்படியானால் கம்பெனியே தனி ஆம்ப்ளிஃபையர் வைத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சீட்டுக்கு அடியிலோ டிக்கியிலோ இருக்கும். இருந்தால் புது செட்டின் ஸ்பீக்கர் லைனை நேராக அதற்குக் கொடுக்கக் கூடாது. ஆர்சிஏ அவுட்டிலிருந்து (செட்டின் பின்னால் ஆம்ப்ளிஃபையருக்கென்றே இருக்கும் வட்ட சாக்கெட்), அதற்கென்று உள்ள கப்ளர் வழியாகக் கொடுக்க வேண்டும். கூடவே நீலத்தில் வெள்ளைக் கோடு போட்ட ரிமோட் ஒயரும் சேர வேண்டும், அதுதான் ஆம்ப்ளிஃபையரை எழுப்பும். செட் எரிகிறது, பாட்டு ஓடுகிறது, சத்தம் மட்டும் வரவில்லை என்றால் முதலில் அந்த ஒயரைப் பாருங்கள். பிஎம்டபிள்யூ, மெர்சிடிஸ் மாதிரி வண்டிகள் பலவற்றில் செட்டுக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் நடுவே ஓடுவது ஃபைபர் ஆப்டிக் கேபிள். அங்கே சாதாரண கப்ளர் உதவாது. நானாக இருந்தால் அந்த வண்டியில் கம்பெனி செட்டைத் தொடவே மாட்டேன்.

ஸ்டீயரிங் பட்டன் வேலை செய்யுமா என்றும் கேட்டிருந்தீர்கள். செய்யும். பல வண்டிகளில் ஒவ்வொரு பட்டனுக்கும் ஒவ்வொரு ரெசிஸ்டன்ஸ். அந்த லைனைப் புது செட்டில் ஸ்டீயரிங் பட்டனுக்கென்று உள்ள "KEY" ஒயர்களில் கொடுத்து, செட்டிங்ஸில் பட்டனை ஒவ்வொன்றாக அழுத்திக் கற்றுக்கொடுத்தால் போதும். சில வண்டிகளில் பட்டன்கள் கேன் பஸ் வழியாகப் பேசும், அதாவது வண்டியின் எலெக்ட்ரானிக் பாகங்கள் தங்களுக்குள் டிஜிட்டல் செய்தி அனுப்பும் லைன்; அங்கே அந்தச் செய்தியை செட்டுக்குப் புரியவைக்கும் கேன் பாக்ஸ் வேண்டும். அப்படிப்பட்ட சில வண்டிகளில் சாவி லைன் என்று தனி ஒயரே செட்டுக்கு வராது, அதையும் அந்த பாக்ஸ்தான் கொடுக்கும்.

ஆக்சிலரேட்டர் மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் கீச்சென்ற சத்தம் ஏறினால் பெரும்பாலும் எர்த் கோளாறு. பெயின்ட் சுரண்டிய இரும்பில் போல்ட் போட்டு எர்த் எடுக்கச் சொல்லுங்கள்.

வேலை தொடங்கும்முன் பேட்டரி மைனஸைக் கழற்றச் சொல்லுங்கள். டேஷ்போர்டை மூடும்முன் பேலன்ஸ் (இடது-வலது), ஃபேடரை (முன்-பின்) நான்கு மூலைக்கும் நகர்த்தி, சொன்ன பக்கத்தில்தான் சத்தம் வருகிறதா என்று பாருங்கள். எல்லா ஸ்பீக்கரிலும் சத்தம் வந்தும் பேஸ் மெலிந்து கேட்டால், எங்கேயோ ஒரு ஸ்பீக்கரின் ப்ளஸ் மைனஸ் மாறியிருக்கிறது. கப்ளர் வாங்கப் போகும்போது மாடல், வருடத்தோடு பழைய செட்டின் பின்பக்கத்தையும் போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள். ஒரே மாடலில் வேரியண்டுக்கு வேரியண்ட் சாக்கெட் மாறுவதுண்டு.