மூவாயிரம் ரூபாய்க்கு நிற்கும் தளம்

கேள்வி: குடியாத்தம் பக்கம் கிராமம். ஆம்பூர் ஷூ கம்பெனியில் எனக்குச் சம்பளம் 12,000. வீட்டுக்காரர் லோடுமேன், மாதம் 9,000 வரும். கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் வீடு கிடைத்ததால் குடிசையைப் பிரித்துவிட்டு 2,500 வாடகையில் இருக்கிறோம். வீடு லிண்டல் வரை, அதாவது கதவு ஜன்னலுக்கு மேல் வரை வந்துவிட்டது. இங்குள்ள தொண்டு நிறுவனம் வட்டியில்லாமல் 40,000 கொடுத்தது, மாதம் 1,000 திருப்ப வேண்டும். மேல்தளம் போடும்போது சென்ட்ரிங்கும் கொத்தனார் கூலியும் தங்கள் பொறுப்பு என்றார்கள், 45,000 ஆகுமாம். நான் 3 மாதம் கட்டாததால் அதை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். நாத்தனாருக்காக என் பேரில் ஃபைனான்ஸில் குழுக் கடனாக, 24 சதவீத வட்டிக்கு 2 வருடத்துக்கு எடுத்த 50,000, 40,000 இரண்டு கடன்களும் இன்னும் 15 மாதம் ஓடும். நாத்தனார் சில மாதம் 2,000 கொடுப்பார், சில மாதம் அதுவும் இல்லை. மேலும் 1 லட்சம் வாங்கி நாங்களே தளம் போட்டுவிடலாமா?

பதில்: வேண்டாம்.

அரசுத் திட்டத்தின் 3.5 லட்சம் கட்டம் கட்டமாகத்தான் வரும், ஓவர்சியர் பார்த்துப் படம் எடுத்த பிறகுதான் வரும் என்பதெல்லாம் பிடிஓ ஆபீசுக்கு நடந்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தந்தக் கட்டத்தை முடிக்கக் கையில் கொஞ்சம் பணம் புரள வேண்டும், அதற்குத்தான் அந்த 40,000. அது எங்கே போனது என்று பாருங்கள்.

24 சதவீத வட்டி, 2 வருடம் என்று எழுதியிருக்கிறீர்கள். தோராயமாக இரண்டு கடனுக்கும் சேர்த்து மாதம் 4,750. நாத்தனார் கொடுக்கிற மாதத்தில் 2,000 கொடுக்கிறார், கொடுக்காத மாதத்தில் முழுவதும் உங்கள் தலையில். ஃபைனான்ஸ்காரர் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்துவிடுவார், குழுப் பெண்களும் கூடவே நிற்பார்கள், அதனால் அவருக்கு முதலில் கட்டுகிறீர்கள். தொண்டு நிறுவனம் சத்தம் போடாது, அதனால் அதற்குக் கடைசி. ஆக வட்டியில்லாத பணம் நாத்தனாரின் 24 சதவீதக் கடனை அடைக்கப் போய்க்கொண்டிருக்கிறது. இப்படிப்பட்ட நிறுவனங்கள் திரும்பி வரும் பணத்தைத்தான் அடுத்த வீட்டுக்குக் கொடுக்கின்றன, உங்களுக்குப் பின்னால் வரிசையில் யாரோ ஒருத்தி அஸ்திவாரம் தோண்டிவிட்டுக் காத்திருக்கலாம். அவர்கள் நிறுத்தி வைத்ததில் எனக்குத் தப்பு தெரியவில்லை.

புதிதாக 1 லட்சம் எடுத்தால் அதற்கு மட்டும் மாதம் 5,300 வரும். பழையது 4,750, தொண்டு நிறுவனத்துக்கு 1,000, மொத்தம் 11,050. வருமானம் 21,000. தவணையும் வாடகையும் போக மிஞ்சுவது 7,450, அதில்தான் சோறு, கேஸ், பிள்ளைகள் படிப்பு, உடம்புக்கு முடியாமல் போனால் அதுவும். குடும்பத்தின் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது என்று இந்த மாதிரி மைக்ரோ ஃபைனான்ஸ் கடன்களுக்கு ரிசர்வ் வங்கியே 2022இல் விதி வைத்திருக்கிறது. நீங்கள் தாண்டிவிடுவீர்கள்.

பாக்கி 3,000 ரூபாய். அதைக் கட்டினால் 45,000 ரூபாய் வேலை நடக்கும். இந்த மாதச் சம்பளம் வந்த அன்றே, மளிகைக்கு முன்னால், அதைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, தளத்துக்கு எந்தத் தேதி என்று கேட்டு வாங்கி வாருங்கள். வேலை தள்ளிப்போகிற ஒவ்வொரு மாதமும் 2,500 வாடகை தண்டம்.

அப்புறம் நாத்தனார். அவர் தம்பியோ அண்ணனோ, உங்கள் வீட்டுக்காரர்தான் அவரிடம் பேச வேண்டும், நீங்கள் பேசினால் அது சண்டையாகத்தான் முடியும். காதில் கழுத்தில் இருப்பதைக் கூட்டுறவு சங்கத்தில் நாத்தனார் தன் பேரிலேயே அடகு வைத்து, சின்னக் கடனை முடிக்கட்டும். அசல் இன்னும் 27,000 சொச்சம் இருக்கும். முன்கூட்டியே கட்டி முடித்தால் இந்தக் கடன்களுக்கு அபராதம் போடக்கூடாது, கேட்டால் விதியைச் சொல்லுங்கள். நகையே இல்லை என்றால் மாதம் 4,750ஐயும் தவணை நாளுக்கு முந்தின நாள் அவர் உங்கள் கையில் கொடுக்க வேண்டும். மூன்றாவதாக ஒரு கையெழுத்து மட்டும் யாருக்கும் போடாதீர்கள், அழுதாலும்.

மாடிக்குக் கம்பி விட்டு வை என்று சொந்தக்காரர்கள் சொல்வதை எழுதியிருக்கிறீர்கள். 360 சதுர அடியை முதலில் முடியுங்கள். திட்டத்தில் வந்த பணம் சும்மா கிடக்கிறதே, எஸ்ஐபியில், அதாவது மாதாமாதம் மியூச்சுவல் ஃபண்டில் போடு என்று சொன்ன அந்த அக்கா மகனுக்கு ஒரு கும்பிடு. இரண்டு மாதத்தில் சிமெண்டாக வேண்டிய பணத்துக்குச் சந்தையில் என்ன வேலை? போனில் 5 நிமிடத்தில் கடன் தரும் ஆப் எதையாவது ஏற்கெனவே தொட்டிருந்தால், திட்டப் பணம் வந்து விழும் அதே வங்கிக் கணக்கிலிருந்து அதன் தவணை தானாகப் பிடிக்கப்படுகிறதா என்று நாளைக்கே வங்கியில் கேளுங்கள். பிடிக்கப்பட்டால் அடுத்த கட்டப் பணம் வருவதற்கு முன்னால் அதை நிறுத்த எழுதிக் கொடுத்துவிட்டு, அந்தத் தவணையை வேறு வழியில் கட்டுங்கள்.