நோயே இல்லாத மாடு எப்படி நோயைக் குடுக்கும்?

வணக்கம் சார், டெக்சாஸ் மாட்டுக் காய்ச்சல் பத்தி நீங்க எழுதினதைப் படிச்சேன். அமெரிக்காவுல தெக்குல இருந்து ஓட்டிட்டு வந்த மாடு கொழுகொழுன்னு இருந்துச்சு, அது மேஞ்ச எடத்துல மேஞ்ச வடக்கத்தி மாடுதான் செத்துச்சுன்னு சொன்னீங்க. நோயே இல்லாத மாடு எப்படி சார் நோயைக் குடுக்கும்? எங்க நாட்டு மாட்டு மேலயும் உண்ணி இருக்கு, ஒண்ணும் ஆனதில்ல. கிராஸ் பசுதான் போன வருஷம் காய்ச்சல் வந்து போயிடுச்சு.

அன்புள்ள தம்பி,

பசு போனது கஷ்டமா இருக்கு.

நோயே இல்லாத மாடுன்னு சொல்றீங்கல்ல, அன்னைக்கு டாக்டருங்களும் அங்கதான் வழுக்கி விழுந்தாங்க. தெக்கத்தி மாட்டுக்கு கன்னுக்குட்டியா இருக்கும்போதே உண்ணி கடிச்சு பபேசியா கிருமி ரத்தத்துல ஏறிடும், அந்த வயசுல லேசா வந்து போயிடும், ஆனா கிருமி கொஞ்சம் உள்ளயே தங்கிடும். வளந்தப்புறம் மொத தடவையா கடி வாங்குற மாட்டுக்குத்தான் சிவப்பணு ஒடஞ்சு மூத்திரம் செவசெவன்னு போகும்.

உண்ணிதான் காரணம்னு மாடு மேய்க்கிறவங்க ரொம்ப நாளா சொல்லிட்டு இருந்தாங்க, படிச்சவங்க சிரிச்சாங்க. அமெரிக்க அரசாங்கத்துல வேலை பாத்த ஆராய்ச்சிக்காரங்க தியோபால்ட் ஸ்மித்தும் கில்போர்னும் சிரிக்காம 1889ல வாஷிங்டன் பக்கத்துல வேலி போட்டு பாத்தாங்க. தெக்கத்தி மாட்டை உண்ணியோட விட்டா கூட நின்ன வடக்கத்தி மாடு சாகுது, உண்ணியைக் கையால பொறுக்கிட்டு விட்டா ஒண்ணும் ஆகல, மாடே இல்லாம வெறும் உண்ணியைப் புல்லுல தூவினாலும் நோய் வருது. எனக்கு இதுல புடிச்சதே அந்த உண்ணி பொறுக்குன வேலைதான், யாரு உக்காந்து பொறுக்கினாங்களோ பாவம். 1893ல ரிப்போர்ட் வந்துச்சு, ரொனால்ட் ராஸ்ங்கற டாக்டர் செகந்திராபாத்துல கொசு வயித்துல மலேரியாவைப் பாக்குறதுக்கு நாலு வருஷம் முன்னாடி.

ஆனா அந்த உண்ணி குஞ்சுல இருந்து கடைசி வரைக்கும் ஒரே மாட்டு மேலதான் இருக்கும், மாடு மாறாது, அப்புறம் எப்படி பரவும்? வயிறு முட்டக் குடிச்ச பெட்டை உண்ணி கீழ விழுந்து ஆயிரக்கணக்குல முட்டை போட்டுட்டு செத்துடும், கிருமி முட்டை வழியா குஞ்சுக்குப் போயிடும். அதனாலதான் மந்தை கடந்து போயி ஒரு மாசத்துக்கு மேல ஆனப்புறம் நோய் வந்துச்சு.

உங்க பசுவுக்கு வந்தது வேறயா இருக்கலாம். நம்ம ஊர்ல கிராஸ் மாட்டை நிறைய அடிக்கிறது தைலேரியா, அதுவும் உண்ணியால வர்ற காய்ச்சல்தான், ஆனா அதுக்கு உண்ணியும் வேற, மருந்தும் வேற. அடுத்த தடவை காய்ச்சல்னா ஊசி போடறதுக்கு முன்னாடி ரத்தத்தை ஸ்லைடுல பாக்கச் சொல்லுங்க.

அமெரிக்காவுல 1906ல இருந்து 1943 வரைக்கும் மாட்டை மருந்துத் தொட்டில முக்கி முக்கி உண்ணியை ஒழிச்சாங்க, ஆர்சனிக் தண்ணி, கடுப்பான சில விவசாயிங்க தொட்டிக்கே டைனமைட் வெச்சாங்க. இன்னைக்கும் மெக்சிகோ எல்லைல ஓடுற ரியோ கிராண்டே ஆத்தங்கரைல உண்ணி திரும்ப உள்ள வராம இருக்க குதிரைல ரோந்து போறாங்க. மாட்டை முக்கலாம், மானை எப்படி முக்குறது? இப்ப மான் மேலயும் நீலகாய் மேலயும் ஏறித்தான் உண்ணி உள்ள வருது. நீலகாய்க்குப் பூர்வீகம் நம்ம நாடு, டெக்சாஸ் பண்ணைக்காரங்க ஆசைப்பட்டு கொண்டுபோயி விட்டது.