வன்னியில் குளூட்டன் இல்லாமல் சாப்பிடுவது எப்படி?

கேள்வி: சீலியாக் நோய் உள்ள மகளோடு கனடாவிலிருந்து கிளிநொச்சிக்கு விடுமுறைக்கு வருகிறோம். "இங்கே சோறுதானே சாப்பாடு, ஒரு பயமும் இல்லை" என்கிறார்கள் உறவினர்கள். உண்மையா? வீட்டிலும் கடையிலும் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: அவர்கள் சொல்வது பாதி சரி. சீலியாக் என்றால் கோதுமை, பார்லி போன்றவற்றில் உள்ள குளூட்டன் என்ற புரதம் சிறுகுடலைப் பழுதாக்குகிற நோய். சோற்றுக்குப் பயமில்லை. அரிசிச் சாப்பாடு போலவே தெரிகிற மற்றவற்றில்தான் பயம். பாண், பணிஸ், ரோல்ஸ், கொத்து எல்லாம் கோதுமை என்று உங்கள் மகளுக்கே தெரிந்திருக்கும். புட்டும் இடியப்பமும் தோசையும் வந்தால் யாரும் யோசிப்பதில்லை. இங்கே அவை மூன்றிலும் கோதுமை மா கலப்பது சாதாரணம். எனக்கும் இதே நோய், இருப்பதும் கிளிநொச்சியில். அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

முதலில் புட்டு. தனி அரிசி மாப் புட்டு ஆறினால் இறுகிவிடும். அவித்த கோதுமை மாவைக் கலந்தால் மாலை வரைக்கும் மெதுமையாக இருக்கும், ஆகவே கடைக்காரர் கலக்கிறார், வீட்டிலும் கலக்கிறார்கள். வெள்ளை இடியப்பமும் அப்படித்தான். சிவப்பு இடியப்பம் என்றால் பயமில்லை என்று நம்பிவிடாதீர்கள், அதிலும் கலப்பார்கள். எங்கள் பக்கத்துத் தோசைக்கு உழுந்தோடு கோதுமை மாவைக் கரைத்துப் புளிக்க வைக்கும் வழக்கம் பழையது. தட்டை வடை, பனங்காய்ப் பணியாரம், சில வீடுகளில் கொழுக்கட்டை, கடைகளில் குரக்கன் றொட்டி, எல்லாவற்றிலும் கேட்டுத்தான் வாங்க வேண்டும். பெயரில் குரக்கன் இருந்தாலும் றொட்டி பிய்ந்து போகாமல் இருக்கப் பாதிக்குப் பாதி கோதுமை மா போடுகிறவர்கள் உண்டு.

இந்த நாட்டில் கோதுமை விளைவதே இல்லை என்று சொல்லலாம். கப்பலில் வந்து திருகோணமலை போன்ற துறைமுக ஆலைகளில் அரைபட்டு வருகிறது. சண்டைக் காலத்து நிவாரணத்திலும், 2009 இல் முகாம்களிலும் பங்கீட்டில் அதுவும் வந்தது. றொட்டி சுட்டே பிள்ளைகளை வளர்த்த வீடுகள் இங்கே ஏராளம். ஆகவே "கோதுமை மா வேண்டாம்" என்றதும் உங்கள் மாமி முகத்தைச் சுளித்தால், அதை வெளிநாட்டுப் பகட்டு என்று அவர் நினைக்கிறார் என்று வையுங்கள். நோயின் பெயரைச் சொல்லி விளக்காதீர்கள். "டொக்டர் கோதுமை மா தொடவே கூடாது என்று சொல்லிப்போட்டார், குடல் பழுதாகிவிடும்" என்றால் போதும். "கொஞ்சம் சாப்பிட்டால் ஒன்றும் செய்யாது" என்று நிச்சயம் ஒருவர் சொல்வார். அன்றைக்கு வயிற்றுவலி வராவிட்டாலும் சிறுகுடலின் உட்சுவர் பாதிக்கப்படலாம், இந்த ஒன்றில் மட்டும் மரியாதை பார்க்க வேண்டாம்.

தங்கப்போகிற வீட்டுக்கு இப்போதே ரெலிபோனில் ஒரு கோல் எடுங்கள். புட்டு அவிக்கிற பனையோலை நீத்துப்பெட்டி புதிதாக ஒன்று வாங்கி வைக்கச் சொல்லுங்கள். பழையதன் பின்னலுக்குள் ஏறின கோதுமை மா எவ்வளவு கழுவினாலும் முழுதாகப் போகாது. இடியப்பத் தட்டுகளும் ஓலையில் பின்னியவை என்றால் அவையும் வேறாக வேண்டும். ஒரு கிலோ உணவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருந்தாலே "குளூட்டன் இல்லாதது" என்று போடக்கூடாது என்பது சர்வதேச விதி. அவ்வளவு சின்ன அளவு என்பதால்தான் இந்தக் கெடுபிடி. அரிசி மாவைக் கடையில் வாங்காமல் அரிசியை ஊறவைத்து மில்லில் இடியுங்கள். அங்கே சத்துமாவும் அரைபடும், அதில் கோதுமை சேர்க்கிறவர்கள் உண்டு. எனவே உங்களுக்கு முன்னால் யாராவது அரிசி இடித்த பிறகு கொடுங்கள். மாவை வடிவாக வறுத்து, நல்ல கொதிநீர் விட்டுக் குழைத்தால் தனி அரிசி மாவிலேயே இடியப்பம் பிழியலாம். புட்டைச் சுடச்சுடச் சாப்பிட்டால் இறுகுகிற பிரச்சினையும் இல்லை.

சாமான் வாங்கும்போது பெருங்காயத்தைப் பாருங்கள். கட்டியோ தூளோ, பெரும்பாலும் கோதுமை மா சேர்த்துத்தான் வருகிறது. ரசத்திலும் சாம்பாரிலும் அது போய்விடும், கோவில் அன்னதானத்தில் இதைத்தான் நான் கேட்பேன். சோயா சோஸில் கோதுமை உண்டு. மோல்ட் போட்ட பால்மாப் பானங்கள் பார்லியிலிருந்து வருபவை, அதுவும் ஆகாது. சோயா மீற் பைக்கற்றில் எழுதியிருப்பதை வாசித்துவிட்டு வாங்குங்கள்.

சத்து விஷயத்தில் ஒன்று. கோதுமையை விட்டவுடன் ஆட்கள் மூன்று வேளையும் வெள்ளைச் சோற்றுக்குப் போகிறார்கள், அல்லது பெட்டியில் வருகிற குளூட்டன் இல்லாத பிஸ்கற்றுக்கு. இரண்டிலும் நார்ச்சத்து குறைவு, பிஸ்கற்றில் சீனியும் கூட. சீலியாக் உள்ள பிள்ளைகளுக்கு இரும்புச் சத்துக் குறைபாடு வருவதும் வழக்கம். வன்னியில் இதற்குப் பஞ்சமே இல்லை. தவிடு தீட்டாத மொட்டைக்கறுப்பன் அரிசி, கல்சியம் நிறைந்த குரக்கன், வவுனியா உழுந்து, பயறு, கௌபி, முருங்கையிலை, வல்லாரை, எருமைத் தயிர் என்று அடுக்கலாம். மகளுக்குக் காலையில் அவித்த கௌபியும் தேங்காய்ப்பூவும் கொடுத்துப் பாருங்கள். என்னைக் கேட்டால் எல்லாவற்றையும்விட ஒடியற்கூழ். ஒடியல் மா பனங்கிழங்கிலிருந்து வருவது, அதில் குளூட்டன் கிடையாது. முல்லைத்தீவு நண்டும் இறாலும் பயிற்றங்காயும் பலாக்கொட்டையும் போட்டுக் காய்ச்சினால் ஒரு சாப்பாட்டுக்கு அதுவே போதும். ஆடியில் வந்தால் அரிசி மாவும் பனங்கட்டியும் பயறும் போட்ட ஆடிக்கூழும் கிடைக்கும்.

கடை என்றால் மத்தியானம் போங்கள், இரவில் வேண்டாம். இரவில் கடை முழுக்கக் கொத்தும் பரோட்டாவும்தான், முட்டைப் பொரியலும் அதே கல்லில்தான் போடுவார்கள். மத்தியானச் சோறு, பருப்பு, மரக்கறி, மீன்குழம்பு, சம்பல் அநேகமாகப் பிரச்சினையில்லை. பொரியலை விடுங்கள், ரோல்ஸ் பொரித்த எண்ணெயில்தான் மீனும் பொரியும். டெவில், பிரைட் ரைஸ் இரண்டிலும் சோயா சோஸ் இருக்கும். பரிமாறுகிற தம்பியிடம் கேட்டால் எல்லாவற்றுக்கும் "ஓம், அரிசி மாதான்" என்பார், பாவம், அவருக்கு உள்ளே நடப்பது தெரியாது. சமையல் செய்கிறவரிடம் "கோதுமை மா எவ்வளவு கலப்பீர்கள்?" என்று கேளுங்கள். கலப்பது தெரிந்த மாதிரிக் கேட்டால் உண்மை வரும். பெண்கள் நடத்துகிற அம்மாச்சி உணவகங்களில் சமைக்கிறவரிடமே நேராகக் கேட்கலாம் என்பது வசதி. ஆனால் அங்கேயும் கேட்கத்தான் வேண்டும்.

ஏ9 வீதியில் முறிகண்டிப் பிள்ளையாரடியில் எல்லா வாகனமும் நிற்கும். கோதோடு வறுத்த கச்சானை மகளுக்கு வாங்கிக் கொடுங்கள், மசாலா போட்டது வேண்டாம். வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோவில் பொங்கலுக்குப் போனால் பொங்கல் சாப்பிடலாம். மடு மாதா கோவிலுக்குப் போகிறவர்கள் என்றால், திருவிருந்து அப்பம் கோதுமையில் செய்தது. திராட்சை இரசம் மட்டும் பெற்றுக்கொள்ளத் திருச்சபை அனுமதிக்கிறது, பூசைக்கு முன்பே பாதரிடம் கதையுங்கள்.

குளூட்டன் இல்லாத பாண், பாஸ்தா இங்கே எளிதில் கிடைக்காது. மகளுக்கு அவை இல்லாமல் முடியாது என்றால் கனடாவிலிருந்தே கொண்டுவாருங்கள். அரிசியும் ஒடியல் மாவும் இங்கே வாங்கலாம், அதைத் தூக்கிக்கொண்டு வரவேண்டாம்.