வெயில் காலத்துக்குப் பச்சிலை வாசம் உள்ள ஆண்கள் பெர்ஃப்யூம் எது? வாங்கினால் ரெண்டு மணி நேரத்தில் போய்விடுகிறதே, போலியா?

போலியாக இருக்க வாய்ப்பு உண்டு. ஆனால் இந்த ரக சென்ட்டுக்கு அந்த முடிவுக்கு வருவதற்கு முன் வேறு நாலு விஷயம் பார்க்க வேண்டும். நீங்கள் வாங்கியது ஓ டி டாய்லெட்டாக இருக்கும். குளித்து ஈரம் காய்வதற்குள் கழுத்தில் ரெண்டு, மணிக்கட்டில் ரெண்டு அடித்து, கையோடு கை தேய்த்திருப்பீர்கள். ரெண்டு மணி நேரம் கழித்து மணிக்கட்டை முகர்ந்தால் ஒன்றுமே இல்லை. உடனே 'ஏமாந்துட்டேன்' என்று இங்கே கேள்வி.

முதலில் சரக்கைப் புரிந்துகொள்ளுங்கள். புல் வெட்டும்போது வருகிற வாசத்துக்கு முக்கியக் காரணங்களில் ஒன்று சிஸ்-3-ஹெக்ஸனால் என்கிற சின்ன மூலக்கூறு. எலுமிச்சை, அதே இனத்து பெர்கமாட் பழம் இவற்றின் தோலில் இருக்கும் லிமோனீனும் அதே மாதிரி சின்னதுதான். இந்த வகைப் பொருள்கள் பறந்தால்தான் மணக்கும், பறந்துவிட்டால் தீர்ந்தது. சாதாரணமாகவே கால் மணி, அரை மணி நேரத்துக் கூத்து. தோல் சூடாக இருந்தால் இன்னும் சீக்கிரம். ஃப்ரெஷ்ஷாகவும் இருக்கணும், பத்து மணி நேரமும் நிற்கணும் என்றால் ரெண்டும் ஒரே பொருளால் நடக்காது. மேலே பறக்கிற பச்சைக்கு அடியில் என்ன வைத்திருக்கிறார்கள் என்பதை வைத்துத்தான் வெயில் கால சென்ட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

'அப்போ ஓ டி பெர்ஃப்யூம் வாங்கினால் சரியாகிவிடுமா?' என்று அடுத்து கேட்பீர்கள். பொதுவாக ஓ டி டாய்லெட்டில் வாசனைச் சரக்கு 5 முதல் 15 சதவீதம், ஓ டி பெர்ஃப்யூமில் 15 முதல் 20. ஆனால் ஒரு ஃப்ரெஷ் சென்ட்டுக்கு 'இன்டென்ஸ்' என்று வால் ஒட்டி விடும்போது பெரும்பாலும் அதே சரக்கைக் கூட்டுவதில்லை. அடியில் ஆம்பர், வனிலா, மர வாசனையைக் கொட்டுகிறார்கள். பெயர் ஒன்று, உள்ளே இருப்பது வேறு. மதிய வெயிலில் அந்த இனிப்பு குமட்டும்.

பச்சை வாசம் என்று எல்லோரும் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறார்கள். கடையில் நிற்கும்போது குறைந்தது மூன்றாகப் பிரித்துப் பாருங்கள்.

ஒன்று கால்பனம். ஈரான் பக்கம் விளையும் ஒரு செடியின் பிசின். பச்சைக் குடைமிளகாயை வெட்டினால் வரும் கசப்பு நெடி இதில் உண்டு. இரண்டுக்கும் பொறுப்பு பைரசின் வகைப் பொருள்கள், துளியூண்டு அளவே போதும். 1947-ல் பால்மேன் வெளியிட்ட 'வான் வேர்' (Vent Vert) இதை அள்ளிப் போட்ட பெண்கள் சென்ட். ஆண்கள் சரக்கில் கொஞ்சமாகத்தான் சேர்ப்பார்கள். கசப்பு பிடிக்கும் என்றால் வெயிலுக்கு இதைவிடச் சுத்தமான பச்சை கிடையாது. பிடிக்காதவர்கள் 'பூச்சி மருந்து' என்பார்கள்.

இரண்டு, வயலட் இலை. பூ வேறு, இலை வேறு. இலையின் வாசம் வெள்ளரிக்காயும் நனைந்த இரும்பும் கலந்தது மாதிரி. ஜெஃப்ரி பீனின் கிரே ஃப்ளானெல் (1975), கிரீடின் கிரீன் ஐரிஷ் ட்வீட் (1985) இரண்டும் இந்த வழி. டியோரின் ஃபாரன்ஹீட் (1988) கூட வயலட் இலைதான், ஆனால் கீழே பதனிட்ட தோல் வாசமும் பெட்ரோல் மாதிரி ஒரு வாசமும் இருப்பதால் பகல் வெயிலுக்கு நான் சொல்ல மாட்டேன்.

மூன்று, மூலிகை. லாவெண்டர், ரோஸ்மேரி, கிளாரி சேஜ், திருநீற்றுப்பச்சிலை, புதினா. இங்கேதான் ஆண்கள் சென்ட்டின் பாதி சரித்திரம் இருக்கிறது. 1882-ல் ஊபிகான் வெளியிட்ட ஃபூஜேர் ரோயல் போட்ட அடித்தளம்: மேலே லாவெண்டர், கீழே கூமரினும் ஓக் மாஸும் (ஓக் மரத்தில் வளரும் ஒரு பாசி மாதிரியான லைக்கன்). கூமரின் காய்ந்த வைக்கோல் மாதிரி இனிக்கும். அளவு கூடினால் வெயிலில் பிசுபிசுக்கும், அதனால் மூலிகை சென்ட் வாங்கும்போது அடி இனிப்பை முகர்ந்து பாருங்கள். டியோரின் ஓ சவாஜ் (1966) இந்த இனிப்புப் பக்கமே போகாமல் எலுமிச்சை, மூலிகை, ஹெடியோன் என்று காற்றோட்டமாகக் கட்டியது. ஹெடியோன் மல்லிகை சார்ந்த, மிக மெல்லிய ஒரு பொருள்; தனியாக முகர்ந்தால் சிலருக்குத் தெரியவே தெரியாது. டேவிடாஃபின் கூல் வாட்டரில் (1988) டைஹைட்ரோமிர்சினால் என்கிற செயற்கை வாசனைப் பொருள் அதிகம். சோப்பும் உலோகமும் கலந்த அந்தக் குளிர்ச்சி அதனால் வருவது.

அடி வாசனைக்கு என் ஓட்டு வெட்டிவேருக்கு. இனிக்காது, கனக்காது, காகிதப் பட்டையில் அடித்தால் மறுநாளும் இருக்கும். கெர்லேனின் வெட்டிவேர் இதற்கு நல்ல உதாரணம். ஓக் மாஸும் நன்றாக நிற்கும், ஆனால் பழைய விமர்சனங்களை நம்பி வாங்காதீர்கள். ஓக் மாஸில் இருக்கும் அட்ரனால், குளோரோஅட்ரனால் இரண்டும் ஒவ்வாமை தருபவை என்று 2017-ல் ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்தது. 2021 ஆகஸ்டுக்குப் பிறகு அங்கே அவை சேர்ந்த சரக்கை விற்கவும் கூடாது. இப்போது வருவது அவற்றை நீக்கிய ஓக் மாஸ் அல்லது எவர்னில் மாதிரியான செயற்கை மாற்று. இருபது வருடத்துக்கு முன் ஒருவர் எழுதியதும் இன்றைய பாட்டிலும் ஒத்துப்போகவில்லை என்பதால் மட்டும் உங்களுடையது போலி ஆகிவிடாது.

'எல்லாம் தாத்தா காலத்து சென்ட்' என்று கீழே யாராவது கமெண்ட் போடத்தான் போகிறார்கள். போடட்டும். புதிதாக வருவதில் நல்லது இல்லை என்று நான் சொல்லவில்லை. அடையாளம் பழக இவை தெளிவான மாதிரிகள், அவ்வளவுதான். பாட்டில் நிறத்தை நம்பவும் வேண்டாம். ரால்ஃப் லாரனின் போலோ (1978) பச்சைப் பாட்டில்தான். உள்ளே பைன், பதனிட்ட தோல், புகையிலை வாசம். குளிர்காலத்துக்கு அருமை.

சோதிக்கும் விதம்: காகிதப் பட்டையில் ஒரு ஸ்ப்ரே. ஆல்கஹால் போக அரை நிமிடம் விட்டு முகருங்கள். இப்போது தெரிவது விளம்பரம். பத்து நிமிடத்தில் மூலிகை வரும். நாலு மணி நேரம் கழித்துப் பட்டையில் என்ன மிச்சமோ, அதைத்தான் நீங்கள் நாள் முழுக்கச் சுமக்கப் போகிறீர்கள். அந்த மிச்சம் பிடித்திருந்தால் மட்டும் இன்னொரு நாள் போய்த் தோலில் அடித்துப் பாருங்கள். கடையில் விளக்கடியில் காயும் டெஸ்டரில் மேல் வாசனை ஏற்கெனவே கெட்டிருக்கலாம், ஒரே டெஸ்டரை வைத்து முடிவு கட்டாதீர்கள்.

அடிக்கும் விதம்: குளித்து, உடம்பு முழுக்கக் காய்ந்த பிறகு. ஆனால் எண்ணெய்ப்பசையே இல்லாத வறண்ட தோலில் வாசனை நிற்காது. வாசனையில்லாத மாய்ஸ்சரைசர் மெலிதாகத் தடவி, அது உறிஞ்சின பிறகு, 15 செ.மீ. தள்ளி வைத்து அடியுங்கள். ஒரு அமுக்கலுக்குச் சுமார் 0.1 மில்லி வரும். ஓ டி டாய்லெட் என்றால் நெஞ்சில் ரெண்டு, பின்கழுத்தில் ஒன்று, சட்டையின் உள்பக்கம் ஒன்று. நாலு போதும். துணியில் உடம்புச் சூடு குறைவு என்பதால் பச்சை வாசம் அங்கேதான் அதிக நேரம் தங்கும். வெள்ளைச் சட்டையிலும் பட்டிலும் நேராக அடித்தால் கறை விழும். மணிக்கட்டில் அடித்துத் தேய்ப்பதை விட்டுவிடுங்கள். வியர்வை, கை கழுவுதல், உரசல் எல்லாம் அங்கேதான். அக்குளில் அடிக்கவே வேண்டாம், எரியும். தவிர வியர்வையோடு சேர்ந்து அதுவே ஒரு தனி வீச்சம். மதியத்துக்கு 5 மில்லி கண்ணாடிக் குப்பியில் ஊற்றி வைத்துக்கொண்டு ரெண்டு ஸ்ப்ரே. காற்று இடம் குறைவாக இருக்கும்படி நிறைய ஊற்றுங்கள்.

இன்னொன்று, மூக்கு. தொடர்ந்து படுகிற வாசனையை மூக்கு கொஞ்ச நேரத்தில் கணக்கில் எடுக்காமல் விட்டுவிடும். மஸ்க் என்கிற கஸ்தூரி வாசனைப் பொருள்களில் சில வகைகள் சிலருக்குப் பிறவியிலேயே தெரியாது. ரெண்டு மணி நேரத்தில் போய்விட்டது என்று மறுபடி ஆறு அடிப்பதற்கு முன் பக்கத்தில் இருப்பவரைக் கேளுங்கள். லிஃப்ட்டில் மற்றவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதற்குக் காரணம் இந்த ஆறு.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், பல நாள் ஆதங்கம். ஷாம்பு, சோப்பு, டியோடரன்ட், துணி சோப்பு, அதற்கு மேல் ஃபேப்ரிக் கண்டிஷனர் என்று ஒவ்வொன்றிலும் வாசனையைத் திணித்து வைத்திருக்கிறார்கள். அதிலும் கண்டிஷனரின் மஸ்க், துவைத்த துணியில் வாரக்கணக்கில் நிற்பதற்கென்றே தயாரித்தது. அதற்கு மேல் நாலு ஸ்ப்ரே மெல்லிய பச்சிலை என்ன செய்யும்? வாசனை வேண்டாம் என்பவனுக்கு அலமாரியில் ஒரு மூலைகூட ஒதுக்குவதில்லை. வாசனையில்லாதது கிடைத்தால் டியோடரன்ட்டையும் கண்டிஷனரையும் முதலில் மாற்றுங்கள். பல நேரம் புது பெர்ஃப்யூமே தேவைப்படாது.

பாட்டிலைக் குளியலறையிலும் காரிலும் வைக்க வேண்டாம். சூட்டிலும் வெளிச்சத்திலும் லிமோனீனும், லாவெண்டரில் இருக்கும் லினலூலும் ஆக்ஸிஜனேற்றம் அடையும். வாசம் கெடுவதோடு, அப்படிக் கெட்டவை தோலில் ஒவ்வாமையும் தரும். வந்த அட்டைப் பெட்டியிலேயே போட்டு அலமாரிக்குள் வையுங்கள். அடித்தவுடன் எலுமிச்சைக்குப் பதில் வார்னிஷ் மாதிரி நெடி வந்து, அது பத்து நிமிடம் கழித்தும் போகவில்லை என்றால் சரக்கு கெட்டுவிட்டது என்று சந்தேகப்படலாம். ஆரம்ப வாசமே தட்டையாக, ஆல்கஹால் நெடி மட்டும் தூக்கலாக, பட்டையில் ஒரு மணி நேரம்கூட எதுவும் தங்காமல் இருந்தால்தான் போலி என்று சந்தேகப்படுங்கள்.