பெயின்ட் அடித்தால் போதுமா?

கேள்வி: நாங்கள் 24 வீடுகள் உள்ள அடுக்குமாடியில் குடியேறி மூன்று வருடம் ஆகிறது. மேல்வீட்டு பாத்ரூமிலிருந்து தண்ணீர் இறங்கி எங்கள் படுக்கையறைச் சுவர் முழுக்க ஓதம். ஹாலில் பீமுக்குக் கீழே நீளமாக ஒரு விரிசல். பில்டரோ, "ஒரு வருஷ வாரன்டி முடிஞ்சு போச்சு சார், வேணும்னா பெயின்ட் அடிச்சுத் தர்றேன்" என்கிறார். விட்டுவிட வேண்டியதுதானா?
- வாசகர், மேடவாக்கம்

பதில்: ஒரு வருடம் என்பது அவராகப் போட்ட கணக்கு. 2016-ம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டம், அதாவது ரெரா, 14(3)-ம் பிரிவில் ஐந்து வருடம் என்கிறது. வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து வருடத்துக்குள் கட்டமைப்பிலோ வேலைத் தரத்திலோ குறை இருப்பதை நீங்கள் சொல்லிவிட்டால், 30 நாளுக்குள் காசு வாங்காமல் அவர் சரிசெய்து தர வேண்டும், இல்லையென்றால் நஷ்டஈடு. ஒப்பந்தத்தில் ஒரு வருடம் என்று அச்சடித்திருந்தாலும் சட்டத்துக்கு முன்னால் அது நிற்காது.

ஆனால் போனில் புலம்பியதெல்லாம் நாளைக்குச் சாட்சி சொல்ல வராது. குறைகளை எழுதி, போட்டோ வைத்து, ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, அவர் கையில் சேர்ந்ததற்கான சான்றையும் வாங்கி வையுங்கள். அதே கடிதத்தை மெயிலிலும் போடுங்கள்.

பெயின்ட் டப்பா உள்ளே வருவதற்கு முன்னால் உங்கள் சார்பில் ஓர் இன்ஜினீயரைக் கூப்பிட்டுக் காட்டுவது முக்கியம். மேல்வீட்டுக்காரரிடம் கேட்டு பாத்ரூம் அவுட்லெட்டை அடைத்து, தண்ணீரைக் கட்டி ஒன்றிரண்டு நாள் விட்டுப் பாருங்கள் (அவரோடு சண்டை போட்டுவிடாதீர்கள், தப்பு அவருடையதாக இல்லாமலும் இருக்கலாம்). ஓதம் கூடினால் தளத்தின் வாட்டர்புரூஃபிங் சரியில்லை என்று சந்தேகப்படலாம். கூடவில்லை என்றால் பைப்பைப் பார்க்கச் சொல்லுங்கள்.

விரிசல் விஷயத்தில் உடனே பயப்பட வேண்டாம். செங்கல் சுவரும் கான்கிரீட் பீமும் சேரும் இடத்தில் கம்பிவலை அடிக்காமல் பூசினால் கோடு விழுவது சகஜம், அசிங்கமாக இருக்குமே தவிர வீடு விழாது. ஆனால் விரிசல் பீமிலேயே ஓடினாலோ, துருக்கறை தெரிந்தாலோ, சிமென்ட் உதிர்ந்து உள்ளே கம்பி எட்டிப் பார்த்தாலோ ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயர்தான் பார்க்க வேண்டும். அதுவரை விரிசலின் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி வையுங்கள், நீள்கிறதா என்று தெரிந்துவிடும்.

வேலை முடிந்ததும் "இனி எந்தப் புகாரும் இல்லை" என்று ஒரு காகிதம் நீட்டுவார்கள். கையெழுத்துப் போடாதீர்கள்! அவர் மசியவே இல்லை என்றால் தமிழ்நாடு ரெரா ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். நஷ்டஈடு மட்டும் கேட்பதாக இருந்தால் அங்கேயே தீர்ப்பு அதிகாரியிடம் தனி மனு.

கேள்வி: பிளானில் பூங்கா என்று காட்டிய இடத்தில் இப்போது இன்னொரு பிளாக்குக்கு அஸ்திவாரம் தோண்டுகிறார்கள். "அப்ரூவல் வாங்கியாச்சு" என்கிறார் பில்டர்.
- வாசகி, கோவை

பதில்: அப்ரூவல் மட்டும் போதாது. பொது இடத்தை மாற்ற, வீடு வாங்கியவர்களில் மூன்றில் இரண்டு பங்குப் பேர் எழுத்தில் சம்மதிக்க வேண்டும். நொய்டாவில் நடந்தது ஞாபகம் இருக்கிறதா? தோட்டம் என்று காட்டிய இடத்தில் சூப்பர்டெக் நிறுவனம் இரட்டைக் கோபுரம் எழுப்பியது, குடியிருப்போர் சங்கம் வழக்குப் போட்டது. 2014-ல் அலகாபாத் உயர் நீதிமன்றம் இடிக்கச் சொன்னது, 2021-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது, 2022 ஆகஸ்ட் 28 அன்று இரண்டையும் வெடி வைத்துத் தகர்த்தார்கள். அவர்களுக்கும் அனுமதி கொடுக்கப்பட்டுத்தான் இருந்தது. உங்கள் வேலை இன்னும் அஸ்திவாரத்தில் இருப்பது நல்லதுக்குத்தான், சங்கத்தைக் கூட்டி இப்போதே எழுத்தில் ஆட்சேபியுங்கள்.

கேள்வி: சொந்த மனையில் கான்ட்ராக்டரை வைத்துக் கட்டினேன், மொட்டைமாடி ஒழுகுகிறது. எனக்கும் ரெராவா?
- வாசகர், திருச்சி

பதில்: இல்லை. நீங்கள் அவரிடம் வீடு வாங்கவில்லை, கட்டிக் கொடுக்கும் வேலையைத்தான் ஒப்படைத்தீர்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போங்கள், அங்கே கெடு இரண்டு வருடம்தான். பணம் கொடுத்த ரசீதுகளையெல்லாம் முதலில் தேடி எடுங்கள்.